கெட்டியான பழ ஸ்மூத்திக்கு ஐஸ்கட்டி வேண்டாம், பழத்தையே உறைய வைக்கலாம்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் ஞாயிறு இணைப்பில் கோடைக்கேற்ற பழ ஸ்மூத்தி (பழத்தைப் பாலோடோ தயிரோடோ கெட்டியாக அரைத்த பானம்) வகைகளைப் பற்றி வெளியான குறிப்பைப் படித்தேன். படங்கள் அழகாக இருந்தன. ஆனால் ப்ளூபெர்ரி, பாதாம் பால், கிரீக் யோகர்ட், சியா விதை, அதிவேக பிளெண்டர் என்று நீளும் அந்தப் பட்டியலை வடசென்னையின் தண்டையார்பேட்டையிலோ கொருக்குப்பேட்டையிலோ உட்கார்ந்து படிக்கும் ஒருவர், இது நம் வீட்டுக்கு ஆகிற காரியம் இல்லை என்று பக்கத்தைப் புரட்டிவிடுவார். அதையும் விடப் பெரிய குறை அந்தக் குறிப்பின் கடைசி வரியில் இருக்கிறது. பானம் கெட்டியாக வர வேண்டுமானால் ஐஸ்கட்டியை அதிகமாகப் போட்டு அரைக்கும்படி அதில் சொல்லியிருக்கிறார்கள். அப்படிச் செய்தால் கிடைப்பது நீர்த்த பானம்தான். நான் பள்ளியில் அறிவியல் கற்பித்து ஓய்வு பெற்றவள். காரணம் சொல்லாமல் செய்முறை சொல்ல எனக்கு வராது என்பதால் இக்கடிதம் சற்று நீளும், பொறுத்தருள்க.

ஐஸ்கட்டி என்பது வெறும் தண்ணீர். அரைக்கும்போது அது பொடிப்பொடியாக உடைந்து சில நிமிடங்களுக்குப் பானத்தைக் கெட்டியாகக் காட்டும். நம் ஊர் வெயிலில் டம்ளர் கைக்கு வருவதற்குள் உருகி, மேலே நுரையும் கீழே தண்ணீருமாகப் பிரிந்து நிற்கும். பழத்தையே துண்டு போட்டு உறைய வைத்தால் நிலைமை வேறு. அங்கே உறைவது பழத்துக்குள் இருக்கும் நீர். அதில் சர்க்கரை கரைந்திருப்பதால் அது ஐஸ்கட்டியைப் போல முழுக்கப் பாறையாக இறுகுவதில்லை. அரைபடும்போது நுண்ணிய பனித்துகள்கள், நாரும், கூழைக் கெட்டியாக்கும் பெக்டின் என்ற பொருளும் சேர்ந்த பழக்கூழுக்குள் சிக்கிக்கொள்கின்றன. கூடவே கொஞ்சம் காற்றும் ஏறுகிறது. ஐஸ்கிரீமிலும் சிறு பனித்துகள், காற்று, இவற்றைப் பிடித்து வைக்கும் கெட்டியான ஊடகம் என்ற இதே சேர்க்கைதான் வழவழப்பைத் தருகிறது. உறைந்த பழம் உருகினாலும் அதிலிருந்து வருவது பழக்கூழ்தான், தண்ணீர் அல்ல. இந்த ஒன்றைப் புரிந்துகொண்டால் தங்கள் பட்டியலில் உள்ள விலையுயர்ந்த பொருள்களில் பாதியைத் தேட வேண்டிய அவசியமே இருக்காது.

எல்லாப் பழமும் இதற்குப் பொருந்தாது. தர்பூசணியில் நூற்றுக்குத் தொண்ணூறு பங்குக்கு மேல் தண்ணீர்தான். அதை எப்படி உறைய வைத்து அரைத்தாலும் பனிச்சரளை போல வருமே ஒழிய வழவழப்பு வராது. திராட்சை, சாத்துக்குடி, கமலா ஆகியவற்றை ஜூஸாகக் குடிப்பதுதான் அவற்றுக்கு மரியாதை. நுங்கையும் சிலர் மிக்ஸியில் போடுகிறார்கள். பொன்னேரிப் பக்கத்திலிருந்து வரும் இளநுங்கை அப்படியே சாப்பிடாமல் அரைப்பது எனக்கு உடன்பாடில்லாத செயல். சதைப்பற்றுள்ள வாழை, மாம்பழம், சப்போட்டா, சீதாப்பழம், பப்பாளி ஆகியவையே ஸ்மூத்திக்கு உரியவை. கொத்தவால்சாவடிக் காய்கனி மொத்தச் சந்தை 1996-ல் கோயம்பேட்டுக்குப் போய்விட்டபோதிலும், ராயபுரம் கல்மண்டபம் மார்க்கெட்டிலும் வண்ணாரப்பேட்டைத் தெருக்களின் தள்ளுவண்டிகளிலும் இவற்றில் ஒன்றாவது கிடைக்காத மாதம் கிடையாது.

இவற்றில் முதலிடம் வாழைக்குத்தான். அதில் சுமார் முக்கால் பங்கு நீர் இருந்தாலும், பழுக்கும்போது காயில் இருந்த மாவுச்சத்தின் பெரும்பகுதி சர்க்கரையாக மாறிச் சதை இளகிவிடுவதால் அரைத்தவுடன் பாலேடு போன்ற பதம் கிடைக்கிறது. சென்னையில் எங்கும் கிடைக்கும் மோரிஸ் பழம் இதற்கு நன்று; ஆனால் தோலில் பழுப்புப் புள்ளிகள் விழும்வரை காத்திருக்க வேண்டும். மஞ்சள் ஏறியும் காம்புப் பக்கம் பச்சை மாறாத பழத்தை அரைத்தால் நாக்கில் மாவு படிந்தது போன்ற துவர்ப்பு நிற்கும், எவ்வளவு சர்க்கரை போட்டாலும் அது போகாது. ரஸ்தாளியின் மணம் மோரிஸுக்கு வராது என்றாலும் சில ரஸ்தாளிப் பழங்களில் சதைக்குள் கட்டி விழுந்திருக்கும். அது அரைபடாமல் பல்லில் தட்டுப்படும் என்பதால் நறுக்கும்போதே அழுத்திப் பார்த்து நீக்கிவிட வேண்டும். செவ்வாழை நன்றாக வரும். பூவனில் சற்றுப் புளிப்பு உண்டு, தயிரோடு சேர்ப்பவர்களுக்கு அது பிடிக்கலாம். நேந்திரனை இதற்கு வாங்க வேண்டாம்.

உறைய வைக்கும் முறையில்தான் பலரும் அவசரப்படுகிறார்கள். வாழையைத் தோலோடு ஃப்ரீசரில் வைத்தால் தோல் கறுத்துச் சதையோடு ஒட்டிக்கொள்ளும், பிறகு கத்தியால் சுரண்ட வேண்டியிருக்கும். தோலை உரித்து, கட்டைவிரல் அகலத்துக்கு வில்லைகளாக நறுக்கி, ஓர் எவர்சில்வர் தட்டில் ஒன்றோடொன்று ஒட்டாமல் பரப்பி, ஃப்ரீசரின் அடித்தளத்தை ஒட்டி வைக்க வேண்டும். உலோகத் தட்டு வெப்பத்தை விரைவாகக் கடத்துவதால் துண்டுகள் சீக்கிரம் உறையும். சீக்கிரம் உறைந்தால் பனித்துகள் சிறிதாக இருக்கும், துகள் சிறிதானால் வழவழப்பு கூடும். நிறம் கறுக்காமல் இருக்க எலுமிச்சைச் சாற்றில் சில சொட்டுகளைத் தடவலாம். துண்டுகள் இறுகியதும் மூடியுள்ள டப்பாவுக்கு மாற்றிவிட வேண்டும்.

மூடியுள்ள டப்பா என்று நான் அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. காசிமேட்டு மீன் இல்லாத ஃப்ரீசர் நம் பகுதியில் அரிது. ஒற்றைக் கதவு ஃப்ரிட்ஜின் சிறிய ஃப்ரீசருக்குள் வஞ்சிரத் துண்டுக்குப் பக்கத்தில் மூடாமல் கிடக்கும் மாம்பழம் ஓரிரு நாளில் எந்த வாசனை வீசும் என்பதை வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. கோடையில் மின்வெட்டு நீண்டு துண்டுகள் முழுவதும் இளகிவிட்டால், அவற்றை மறுபடியும் உறைய வைக்காமல் அன்றே பயன்படுத்திவிட வேண்டும். இளகி இறுகிய பழத்தில் பனித்துகள் பெரிதாகிவிடும் என்பதோடு, நெடுநேரம் வெப்பத்தில் கிடந்திருந்தால் உடம்புக்கும் நல்லதல்ல.

இனி பால். நம் பகுதிக்கு மாதவரம் பால்பண்ணை தூரமில்லை. ஆவின் நீல நிறப் பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், ஆரஞ்சு நிறப் பாக்கெட்டில் 6 சதவீதம். ஸ்மூத்திக்கென்று தனியாகக் க்ரீம் வாங்குவதைவிட அன்றைக்கு மட்டும் ஆரஞ்சு பாக்கெட் வாங்கிக் காய்ச்சி ஆற வைத்தால் போதும். மேலே படியும் ஆடையையும் சேர்த்தே அரைக்கலாம். பால் ஃப்ரிட்ஜில் நன்றாகக் குளிர்ந்திருக்க வேண்டும் என்பது முக்கியம். வெதுவெதுப்பான பாலை ஊற்றினால் உறைந்த பழம் ஜாருக்குள்ளேயே உருகி, செய்த வேலை வீணாகிவிடும். அளவைப் பொறுத்தவரை, பால் பழத்தை நனைக்க வேண்டுமே தவிர மூழ்கடிக்கக் கூடாது. கடைகளில் விற்கும் மில்க் ஷேக்கில் பால் அதிகம், பழம் குறைவு, ஆகவே கெட்டித்தன்மைக்கு ஐஸ்கிரீமைச் சேர்க்கிறார்கள். வீட்டில் பழத்தைக் கூட்டினால் அதற்கு இடமே இல்லை.

கிரீக் யோகர்ட் என்று தாங்கள் எழுதியிருந்த பொருளுக்கு நம் வீட்டுத் தயிரை வடிகட்டினாலே போதுமானது. கெட்டியாகத் தோய்ந்த தயிரை மெல்லிய வெள்ளைத் துணியில் கட்டி, வடிதட்டில் வைத்து, அடியில் ஒரு பாத்திரத்தோடு இரவு முழுவதும் ஃப்ரிட்ஜுக்குள் விட்டுவிட்டால் காலையில் நீர் வடிந்து ஏறக்குறையப் பாதி அளவுக்குச் சுண்டிய தயிர் கிடைக்கும். சமையலறை ஆணியில் மாட்டித் தொங்கவிடும் பழக்கம் மார்கழிக்குச் சரி. கத்திரி வெயிலில் அப்படி விட்டால் நீர் வடிவதற்குள் தயிர் புளித்துவிடும். வடிந்த நீரில் சப்பாத்தி மாவு பிசையலாம். பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்கு இளநீர் வழுக்கையைப் போன்ற பொருள் வேறில்லை என்பேன். "தண்ணியா, வழுக்கையா?" என்று இளநீர்க்காரர் கேட்கும்போது வழுக்கைக்காயைக் கேட்டு வாங்கி, வழுக்கையை அந்த இளநீரில் சிறிது விட்டு முதலில் தனியாக அரைத்துக்கொண்டால் பாலே சேர்க்காமல் பால் போன்ற கெட்டிக் கூழ் கிடைக்கும். அதில் உறைந்த மாம்பழத்தைப் போட்டு அரைத்துப் பாருங்கள். பாதாம் பால் டப்பாவைத் தேடிப் பெரிய அங்காடிக்குப் போகத் தோன்றாது. வழுக்கை கிடைக்காத நாளில் ஏழெட்டு முந்திரியை அரைமணி நேரம் ஊற வைத்து அரைத்தும் சேர்க்கலாம்.

மிக்ஸியைப் பற்றித் தங்கள் குறிப்பில் ஒரு சொல்லும் இல்லை. நம் வீடுகளில் சட்னிக்கும் மசாலாவுக்கும் என்றே அமைந்த மிக்ஸிதான் இருக்கிறது. அதன் பெரிய ஜாரில் நாலு துண்டு உறைந்த பழத்தைப் போட்டால் அவை சுவரில் போய் ஒட்டிக்கொள்ள, பிளேடு வெறுமனே சுற்றும். ஒருவருக்கோ இருவருக்கோ என்றால் நடுத்தர ஜாரே ஏற்றது. ஃப்ரீசரிலிருந்து எடுத்த துண்டுகளை ஐந்து நிமிடமாவது வெளியே வைத்திருந்து, ஓரம் சற்று இளகியதும் போட வேண்டும். முதலில் பாலும் தயிரும், அவற்றின் மேல் பழம் என்ற வரிசையில் போட்டு, ஜாரில் பாதிக்கு மேல் நிரப்பாமல், குமிழை இடப்பக்கம் திருப்பி, விட்டு விட்டு ஓட்ட வேண்டும். துண்டுகள் நொறுங்கிய பிறகே தொடர்ந்து ஓட்டலாம். நடுவில் ஒருமுறை மின்சாரத்தை நிறுத்தி, ஓரத்தில் ஒட்டியதைக் கரண்டியால் வழித்துவிட வேண்டியிருக்கும். முதலிலேயே பால் முழுவதையும் கொட்டாமல், குறைந்த பாலில் மைய அரைத்துக்கொண்டு பிறகு வேண்டிய அளவுக்கு இளக்குவதுதான் முறை. இட்லி மாவுக்கு உளுந்தை ஆட்டும்போது தண்ணீரைத் தெளித்துத் தெளித்து ஆட்டுவதை அறிந்தவர்களுக்கு இது புதிதாக இருக்காது. மோட்டார் திணறி நின்றுவிட்டால் பயப்பட வேண்டாம்; பெரும்பாலான மிக்ஸிகளின் அடியில் அதிகச் சுமையின்போது தானே துள்ளி அணைக்கும் ஒரு பொத்தான் இருக்கும். சூடு ஆறிய பிறகு அதை அழுத்தினால் மீண்டும் ஓடும். அது அடிக்கடி துள்ளுகிறது என்றால் பழம் அதிகம், திரவம் குறைவு என்று பொருள்.

இருவருக்கான அளவு ஒன்றைச் சொல்கிறேன். நன்கு பழுத்த மோரிஸ் பழம் இரண்டின் உறைந்த துண்டுகள், ஒரு நடுத்தரப் பங்கனப்பள்ளியின் ஒரு கதுப்பை நறுக்கி உறைய வைத்த துண்டுகள், வடித்த தயிர் மூன்று மேசைக்கரண்டி, குளிர்ந்த பால் 150 மில்லி லிட்டர், ஒரு சிட்டிகை உப்பு. உப்பைக் கண்டு முகம் சுளிக்க வேண்டாம். குளிர்ந்த பொருளில் நாக்குக்கு இனிப்புக் குறைவாகத்தான் தெரியும், சிட்டிகை உப்பு அந்த இனிப்பை எடுத்துக்கொடுக்கும். சர்க்கரை தேவையில்லை. அப்படியும் போதாது என்பவர்கள் கொட்டை நீக்கி ஊற வைத்த பேரீச்சம்பழம் இரண்டைச் சேர்க்கலாம். ஒரு வயது நிரம்பாத குழந்தைக்குத் தேன் எந்த வடிவிலும் கொடுக்கக் கூடாது என்பதையும், தங்கள் குறிப்பில் எல்லா வகையிலும் தேன் இருந்ததால், இங்கே சொல்லிவிட வேண்டியிருக்கிறது.

பப்பாளியும் அன்னாசியும் வேறு கதை. பப்பாளியில் பப்பெய்ன், அன்னாசியில் புரோமிலெய்ன் என்ற நொதிகள் இருக்கின்றன; இவை பாலில் உள்ள புரதத்தைச் சிதைப்பதால் பானம் திரிவதோடு சற்று நேரத்தில் கசக்கவும் தொடங்கும். பால் கெட்டுவிட்டது என்று பலரும் பால்காரரைக் குறை சொல்லும் கசப்பு பெரும்பாலும் இதுதான். உறைய வைப்பதால் இந்த நொதிகள் அழிவதில்லை, வெப்பத்தால்தான் அழியும். ஆகவே அன்னாசித் துண்டுகளை வாணலியில் தண்ணீர் சேர்க்காமல் அதன் சாறு கொதிக்கும்வரை சில நிமிடங்கள் வேகவிட்டு, ஆற வைத்து, அதன்பின் உறைய வைத்தால் பாலோடு சேர்க்கலாம். பப்பாளியை வேக வைத்தால் மணம் போய்விடும். அதை வழுக்கையோடு அரைப்பது மேல், பாலோடு அரைத்தால் உடனே குடித்துவிட வேண்டும்.

மாம்பழத்தைப் பொறுத்தவரை, பங்கனப்பள்ளியும் இமாம்பசந்தும் நார் குறைந்தவை என்பதால் அப்படியே அரைபடும். நார் மிகுந்த நாட்டு மாம்பழமாக இருந்தால் உறைய வைப்பதற்கு முன்பே கூழாக்கி வடிகட்டி, அந்தக் கூழை ஐஸ் தட்டின் குழிகளில் ஊற்றி உறைய வைத்துக்கொள்ளலாம். கல் வைத்துப் பழுக்க வைத்த பழம் வெளியே பளிச்சென்ற மஞ்சளாகவும் உள்ளே கொட்டையைச் சுற்றிப் புளிப்போடு மாவாகவும் இருக்கும். அதில் வழவழப்பு வராது. கால்சியம் கார்பைடு கொண்டு பழுக்க வைப்பது 2011-ஆம் ஆண்டு உணவுப் பாதுகாப்பு ஒழுங்குமுறைகளின்படி தடை செய்யப்பட்டதும்கூட. முக்கால் பதத்தில் உள்ள காயை வாங்கி அரிசி டப்பாவிலோ வைக்கோலிலோ வைத்து வீட்டிலேயே பழுக்கவிடுவதுதான் இரு வகையிலும் நல்லது. சப்போட்டாவை முழுக்கக் கனிந்த பின்பே எடுக்க வேண்டும். அதன் கொட்டையின் நுனியில் கொக்கி போன்ற முள் இருப்பதால் ஒன்றும் தவறிவிடாமல் நீக்க வேண்டும்.

தங்கள் குறிப்பு ஸ்மூத்தியை உடல் இளைக்க உதவும் பானம் என்று சொல்லியிருந்தது. அவ்வளவு தூரம் போக வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். மேலே சொன்ன அளவில் ஒரு வாழைப்பழமும் ஏறக்குறையக் கால் மாம்பழமும் ஒருவர் டம்ளரில் சேர்கின்றன. கடித்துத் தின்றால் பத்து நிமிடம் ஆகும் பழம் இரண்டு நிமிடத்தில் உள்ளே போய்விடும். இது ஒரு வேளைச் சிற்றுண்டிக்குப் பதிலாகக் குடிக்க வேண்டியதே தவிர, இட்லி சாப்பிட்டபின் மேலே ஊற்றிக்கொள்ள வேண்டியதல்ல. நீரிழிவு உள்ளவர்கள் தங்கள் மருத்துவரைக் கேட்டுத்தான் தொட வேண்டும். உலக நலவாழ்வு நிறுவனம் 2015-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், தனியாகச் சேர்க்கும் சர்க்கரையும் தேன், பழச்சாறு ஆகியவற்றில் உள்ள சர்க்கரையும் நாள் முழுவதும் உட்கொள்ளும் ஆற்றலில் 10 சதவீதத்துக்குள், அதாவது பெரியவர்களுக்குச் சுமார் 50 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்கிறது. முடிந்தால் அதிலும் பாதியாகக் குறைப்பது நல்லது என்கிறது. தங்கள் குறிப்பின்படி ஒரு டம்ளருக்கு மூன்று மேசைக்கரண்டி தேன் விட்டால் அந்த 50 கிராம் ஒரே மூச்சில் ஏறக்குறைய நிரம்பிவிடும்.

ஸ்மூத்தியைப் பள்ளிக்குக் கொடுத்தனுப்பலாம் என்று தங்கள் குறிப்பில் இருந்த யோசனையும் திருத்தப்பட வேண்டியது. பாலும் பழமும் கலந்த பானத்தை வெளியே இரண்டு மணி நேரத்துக்கு மேல் வைக்கக் கூடாது. வெப்பம் 32 பாகை செல்சியஸைத் தாண்டினால் ஒரு மணி நேரமே அதிகம். நம் கோடையில் பகல் வெப்பம் பெரும்பாலும் அதைத் தாண்டிவிடும் என்பதால், அரைத்த உடனே வீட்டிலேயே குடித்துவிட்டுப் போகச் சொல்வதுதான் பாதுகாப்பு.

ஆசிரியர் அவர்களிடம் என் வேண்டுகோள் இரண்டு. ஐஸ்கட்டியை அதிகமாகச் சேர்க்கச் சொன்ன வரிக்கும், பள்ளிக்குக் கொடுத்தனுப்பச் சொன்ன வரிக்கும் அடுத்த இணைப்பில் திருத்தம் வெளியிடுங்கள். இரண்டாவதாக, இதுபோன்ற குறிப்புகளை அந்தந்த மாதத்தில் தள்ளுவண்டியில் கிடைக்கும் பழத்துக்கும், சாதாரண மிக்ஸிக்கும், டம்ளர் அளவுக்கும் ஏற்ப எழுதச் சொல்லுங்கள். மழை தொடங்கும் ஆவணி வாக்கில் சீதாப்பழம் வந்துவிடும். உறைந்த சீதாப்பழத்தின் வழவழப்புக்கு வாழையும் ஈடாகாது, ஆனால் அதன் கொட்டை நச்சுத்தன்மை உடையது என்பதால் மிக்ஸியில் ஒன்றுகூட அரைபடக் கூடாது. துளை பெரிதான வடிதட்டில் சதையைக் கையால் தேய்த்துக் கொட்டையைப் பிரித்தெடுக்கும் முறையைப் படத்தோடு அப்போது வெளியிட்டால் வாசகர்கள் பலருக்கும் உதவும்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியை,
தண்டையார்பேட்டை, சென்னை – 81.